ஒவ்வொரு குறையாக

டெல்லியிலிருந்து ஒரு பேராசிரியருக்கு ஆராய்ச்சித் திட்டம் அனுமதியாகி வந்துவிட்டால், அந்த உத்தரவை எடுத்துக்கொண்டு அவர் முதலில் போய் நிற்கவேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் ப்ராஜெக்ட் செக்‌ஷன். வெறுங்கையோடு போகும் வழக்கமில்லை, ஒரு ஸ்வீட் பாக்ஸ் வேண்டும். இது எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. நெய் ஒழுகும் மைசூர்பாகோடு வந்தவர்களும் உண்டு, சிதம்பரம் கீழவீதியில் அவசரத்துக்குக் கட்டிவாங்கிய காராபூந்தியோடு வந்தவர்களும் உண்டு. என்ன கொண்டுவந்தார் என்பதை வைத்து அங்கே யாருடைய வேலையும் நின்றதில்லை. ஆனால் வராமல் இருந்தவர் என்று ஒருவரும் இல்லை.

2011 ஜூன் மாதம் இசைவாணி வரவில்லை.

உத்தரவு தபாலோடு தபாலாக வந்தது. கவரைப் பிரித்த அசிஸ்டெண்ட் சாமிக்கண்ணு இரண்டு தரம் படித்துவிட்டு, செக்‌ஷன் சூப்ரண்ட் தமிழ்ச்செல்வியின் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"மேடம், இது உங்க வீட்டு அம்மாதான?"

தமிழ்ச்செல்வி பார்த்தாள். விலங்கியல் துறை, டாக்டர் எஸ். இசைவாணி, உதவிப் பேராசிரியர். கடலூர் குடிகாட்டுப் பக்கம் உப்பனாற்று மீன்களின் சதையில் என்னென்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி, மூன்று வருஷம். அவளுடைய கொழுந்தனார் பெண்டாட்டிதான். காலையில் இரண்டு பேரும் ஒரே சமையற்கட்டில் நின்று ஒரே சட்டியிலிருந்து உப்புமா எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஆமாங்க. எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

சாமிக்கண்ணு நம்பினாரோ இல்லையோ, தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

கீரப்பாளையத்தில் அவர்கள் வீடு. கீழே மாமனார் சிங்காரமும் மூத்த மகன் ஞானசேகரனும், மேலே இளையவன் செந்தமிழ்செல்வனும். சமையல் ஒன்றுதான், கீழே. அந்த மாடியே தமிழ்ச்செல்வியின் லோனில் எழும்பியது. கல்யாணமாகி வந்த புதிதில் டைப்பிஸ்ட் பரீட்சை எழுதி உள்ளே போனவள், பிறகு ஒவ்வொரு பரீட்சையாக எழுதி சூப்ரண்ட் ஆனாள். மாமியார் படுக்கையில் கிடந்தபோதும் லீவு போடாமல் காலையில் குளிப்பாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கணவன் ஞானசேகரன் சிதம்பரத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். வியாபாரம் சுமார், ஆள் தங்கமானவன்.

சிங்காரம் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நாள் முழுக்க ஜனங்களிடம் பேசிப் பழகிய வாய், சும்மா இருக்காது. பஸ் ஸ்டாப் டீக்கடைதான் இப்போது அவருடைய பஸ். ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்து, "யுனிவர்சிட்டியில என்னா வேல ஆவணும் சொல்லு, எங்க பெரிய மருமவ அங்க ஆபீசரு" என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தார். இளையவனுக்கு இசைவாணி வந்தபிறகு பேச்சு மாறிவிட்டது. "எங்க வீட்ல ஒரு டாக்டரு" என்று ஆரம்பிப்பார். யாரோ ஒருவர் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "ஊசி போடற டாக்டரு இல்லப்பா, இது மீனுக்குப் படிச்ச டாக்டரு" என்று சொல்லி அனுப்பினார், அதிலும் அவருக்குப் பெருமைதான்.

தமிழ்ச்செல்விக்குப் பொறாமை. மூடிமறைத்துப் பேச ஒன்றுமில்லை. பொறாமை என்றால் சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காத பொறாமை. அந்தப் பெண் கெட்டவளாக இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் லட்டு டப்பா திறந்திருந்தது. சிங்காரத்தின் வாயில் பாதி லட்டு.

"தமிழு, சங்கதி தெரியுமா? வாணிக்கு டெல்லியிலேருந்து ப்ராஜெக்ட்டு வந்துருக்காம்."

"தெரியும் மாமா. எங்க செக்‌ஷனுக்குத்தான வரும்."

இசைவாணி டப்பாவோடு சமையற்கட்டுக்கு வந்தாள். "அக்கா, நானே செக்‌ஷனுக்கு வந்து உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா டிபார்ட்மெண்ட்ல ஏற்கெனவே பேச்சு. ஒனக்கென்னா, வீட்லயே சூப்ரண்ட வெச்சிகினு இருக்கேன்னு. நாளைக்கு உங்களுக்கும் ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க. அதான் தபால்லயே போவட்டும்னு உட்டுட்டேன்."

"அதுவும் நல்லதுதான்."

"கோவமாக்கா?"

"எனக்கென்னா கோவம். ஸ்வீட்டு வாங்கித் துன்னாத்தான் எங்க செக்‌ஷன்ல வேல நடக்குமா?"

லட்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நல்ல நெய். அதுவும் எரிச்சலாக இருந்தது.

தமிழ்ச்செல்விக்கு யுனிவர்சிட்டியில் ஒரு பெயர் இருந்தது. ஒரு பொருள் வாங்கவேண்டுமென்று பேராசிரியர் கோப்பு அனுப்பினால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் பார்ப்பாள். குறைகளையெல்லாம் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு ஃபோனை எடுப்பாள். "சார், இது இது இல்ல, இது இது தப்பா இருக்கு, எல்லாத்தையும் சரிபண்ணி ஒரே வாட்டியா அனுப்பிடுங்க." அதோடு முடிந்தது. மற்ற செக்‌ஷன்களில் கோப்பு போய்ப்போய் வரும். இவளிடம் போனால் ஒருமுறைதான். வேலையில் சேர்ந்த புதிதில் எதையும் அரைகுறையாகச் சொல்லி அனுப்பும் கிளார்க்குகளைப் பார்த்துப் பார்த்து, தான் அப்படி ஆகக் கூடாது என்று அவளே வைத்துக்கொண்ட பழக்கம் இது.

ஆகஸ்டில் இசைவாணியின் கோப்பு வந்தது. மீனைப் பதப்படுத்தி வைக்க டீப் ஃப்ரீசர் ஒன்று வேண்டும். மூன்று கடைகளின் கோட்டேஷன், மூன்றையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல், மேலே கடிதம். தமிழ்ச்செல்வி புரட்டினாள். ஒரு கோட்டேஷனில் தேதி இல்லை. ஒப்பீட்டுப் பட்டியலில் துறைத்தலைவர் கையெழுத்து இல்லை. ஒரு கடைக்காரர் வாரண்டி பற்றி எழுதவில்லை. வரி சேர்த்தா சேர்க்காமலா என்று தெளிவில்லை. எந்த அறையில் வைக்கப்போகிறார்கள் என்ற சான்று இணைக்கவில்லை. புதிதாகத் திட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் செய்யும் தப்புகள்தான்.

அவ்வளவும் அன்றைக்கே அவள் கண்ணில் பட்டன. கை ஃபோன் பக்கம் போனது. எடுக்கவில்லை. கோப்பின் ஓரத்தில், 'இரண்டாவது விலைப்புள்ளியில் தேதி இல்லை, சரிசெய்து அனுப்பவும்' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினாள். அது ஒன்றை மட்டும்.

எழுதியது பொய்யில்லை, நாளைக்கே ஆடிட்டர் வந்து பார்த்தாலும் சபாஷ் என்பார். அப்படியொரு பாதுகாப்பான இடத்திலிருந்து கல் எறிவது அவளுக்கு அதுதான் முதல்தரம்.

தேதி வாங்கிக்கொண்டு கோப்பு திரும்ப வந்தது. சில நாள் மேசையில் கிடந்தது. பிறகு துறைத்தலைவர் கையெழுத்துக்காகப் போனது. துறைத்தலைவர் வெளியூர். அது வந்தபிறகு வாரண்டிக்காகப் போனது. அந்தக் கடைக்காரர் புதுச்சேரியில், ஃபோனை எடுக்கவே மாட்டார்.

ஒரு நாள் இசைவாணி நேரிலேயே செக்‌ஷனுக்கு வந்தாள். வீட்டில் அக்கா, இங்கே மேடம். அந்தக் கணக்கை இரண்டு பேருமே பேசாமலே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ஃப்ரீசர் ஃபைல் மறுபடி வந்துருக்கு."

"ஆமாம்மா. வரி சேத்தா சேக்காமலான்னு இல்லியே."

"அத மொதல்லயே சொல்லிருந்தா..."

"ஒவ்வொண்ணாத்தான பாக்க முடியும். எத்தினி ஃபைல் இருக்கு பாருங்க."

மேசையில் அன்று அவ்வளவு கோப்பு ஒன்றும் இல்லை. சாமிக்கண்ணு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

"சரிங்க மேடம். டிபார்ட்மெண்ட் ஃப்ரிட்ஜ்ல சீனியருங்க சாமான்தான் இருக்கு, எடமே இல்ல. மீன வீட்டு ஃப்ரிட்ஜ்லதான் வெச்சிகினு இருக்கேன், உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்மா. சீக்கிரம் சரிபண்ணி அனுப்புங்க."

தெரியாமலா இருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு முழுக்க பாலிதீன் கவரில் மடவையும் கிழங்கானும் கெளுத்தியும் நண்டும். ஒவ்வொன்றிலும் எந்த இடம், என்ன மாதம் என்று எழுதிய சீட்டு. ஐஸ் தட்டு வெளியே போய்விட்டது. ஓசூரில் படிக்கும் மகன் லீவுக்கு வந்தால் செய்துபோட தமிழ்ச்செல்வி வாங்கிவைத்த இறாலுக்கு இடமில்லை. மாவுப் பாத்திரம்கூட சில நாள் வெளியே தங்கிப் புளித்தது. கோப்பைத் தடுத்து வைத்திருப்பவளே அந்தப் புளித்த மாவில் தோசையும் வார்க்க வேண்டியிருந்தது. அவளால் யாரிடமும் முறையிட முடியவில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை இசைவாணி விடியற்காலை பஸ்ஸில் கடலூர் போய், குடிகாட்டில் இறங்குவாள். ராபர்ட் என்று அங்கே ஒரு மீன்பிடிக்காரர், அவர்தான் ஆற்றில் வலை போடுவார். ஆலைகளின் ரசாயன நெடி முகத்தில் அடிக்க, முழங்கால் சேற்றில் நின்று மீனை எடுத்து, அளந்து, கட்டி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துவருவாள். முகம் கறுத்து, சுடிதாரின் அடியெல்லாம் சேறு. அவள் வரும் நேரத்துக்கு சிங்காரம் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பார். பெட்டியை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு வருவார்.

ஒரு தரம் தமிழ்ச்செல்வியும் அதே பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் இரண்டு பை, மளிகை சாமான். சிங்காரம் பெட்டியை வாங்கிக்கொண்டு, "நீயும் இதுலதான் வந்தியா?" என்று அவளைக் கேட்டுவிட்டு நடந்தார். பையை வாங்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்கு அந்த இரண்டு பையும் வீடு போய்ச் சேருவதற்குள் கனத்துப்போயின. இசைவாணிதான் திரும்பிவந்து ஒன்றை வாங்கிக்கொண்டாள். அதற்காகவும் அவளைப் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானசேகரன் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கவரை எடுத்து, தண்ணீரில் போட்டுச் செதிலைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டான். நல்ல மடவை, குழம்பு வைக்கலாமென்று. மாடியிலிருந்து இறங்கிவந்த இசைவாணி அலறாமல், "மாமா, அது குடிகாடு, செப்டம்பர்" என்றாள் பலவீனமாக. அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். சிங்காரம் சிரித்துச் சிரித்து இருமினார்.

அன்று மத்தியானம் ஞானசேகரன் பெண்டாட்டியிடம் கேட்டான்.

"செல்வி, அந்த ஃப்ரீசர் ஃபைலு உன் டேபிள்லதான இருக்குது?"

"போயிருக்கு. கொறை இருந்துச்சி."

"போன மாசமும் இதத்தான் சொன்ன."

"அது வேற கொறை."

"அந்தப் பொண்ணு சேத்துல எறங்கி வேல செய்யுதும்மா."

"நான் மட்டும் மெத்தையில படுத்துகினா இருக்கேன்? இந்த வூட்ல நான் செஞ்சது யாரு கண்ணுக்குத் தெரியிது? அவ பெட்டிக்கு ஒரு ஆளு தோள் குடுக்குது. எனக்கு எவனாவது ஒரு பைய வாங்கிருக்கானா?"

"எங்க அப்பா பேச்ச ஒரு பேச்சுன்னு எடுத்துக்குவியா?"

"உங்களுக்கு அப்பா. எனக்கு அவுரு வாயாலதான் ஊருல மரியாத."

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். பேசியிருக்கலாம். சண்டைக்குப் பயந்த மனுஷன்.

டிசம்பர் பாதியில், மிச்சமிருந்தது ஒரே ஒரு குறை, அறைச் சான்று. அதற்காகக் கோப்பு ஐந்தாவது தடவையாகப் போனது. அது திரும்பி வந்தால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தமிழ்ச்செல்வியே நினைத்திருந்தாள். அவளுக்கும் அலுத்துவிட்டது. கோப்பு வரும் முன்னால் புயல் வந்தது.

தானே புயல் வெள்ளிக்கிழமை விடியலில் அடித்தது. ராத்திரியே கரண்ட் போய்விட்டது. காலையில் கதவைத் திறந்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை. பின்னால் நின்ற பலாமரம் வேரோடு சாய்ந்து, கிணற்றுமேட்டின்மேல் கிடந்தது. போஸ்ட்கள் வரிசையாக மடங்கிக் கிடந்தன. கரண்ட் இப்போதைக்கு வராது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

இசைவாணி மரத்தைப் பார்க்கவில்லை. மாடித்தகரம் பறந்ததைப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். ஜூலையிலிருந்து டிசம்பர்வரை, மழைக்கு முன்னால், மழையில், மழைக்குப் பின்னால் என்று பிடித்த மீன் அத்தனையும் உள்ளே இருந்தது. உலோகத்தை அளக்கும் மெஷினில் அவற்றை வைத்துப் பார்க்க அவளுக்கு முறை பொங்கல் கழித்துத்தான் வரும். அதுவரை மீன் உறைந்தபடியே இருக்கவேண்டும்.

"தெறக்காதீங்க யாரும். தெறக்காம இருந்தா நாளைக்கு வரைக்கும் தாங்கும்," என்றாள்.

"ஐஸ் வாங்கிப் போடலாமே," என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. "வா, நானும் வரேன்."

மறுநாள் இரண்டு பேரும் ஸ்கூட்டியில் சிதம்பரம் போனார்கள். வழியெல்லாம் மரம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். சில இடங்களில் இறங்கி வண்டியை வயல் வழியாகத் தள்ளினார்கள். சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்தது. ரயிலடிப் பக்கம் ஐஸ் டிப்போ வைத்திருந்த ராமாமிர்தம் கடைவாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட் இல்லாம ஐஸுக்கு எங்கம்மா போறது? இருக்கறது நேத்து மிச்சம். பால்காரனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சொல்லிட்டேன்."

"கொஞ்சம் குடுத்தா போதுங்க," என்றாள் இசைவாணி.

"வீட்ல ஏதாவது சாவா?"

"இல்லிங்க. மீனு."

அவர் ஒருமாதிரி பார்த்தார். "மீனுக்கா? இருக்கிற நெலமையில?"

"யுனிவர்சிட்டி மீனுங்க. ஆராய்ச்சிக்கு," என்றாள் தமிழ்ச்செல்வி. "ஆறு மாச வேல. கெட்டுப்போச்சின்னா மறுபடி புடிக்க முடியாதுங்க. போன மழை திரும்பி வராது பாருங்க. நீங்க மனசு வெச்சாத்தான்."

இவ்வளவு அழகாக அந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லத் தனக்குத் தெரியும் என்று அவளே அப்போதுதான் கண்டாள். ராமாமிர்தம் எழுந்துபோய் உமிக்குள்ளிருந்து கால் பாளம் ஐஸை எடுத்துச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். அதைத் தமிழ்ச்செல்வி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் உருகி, புடவை நனைந்து, தொடை மரத்துப்போனது.

"அக்கா, நீங்க மட்டும் இல்லன்னா அந்தாளு குடுத்துருக்க மாட்டாரு," என்றாள் இசைவாணி முன்னாலிருந்து. காற்றில் பாதி வார்த்தை பறந்தது.

"வண்டியப் பாத்து ஓட்டு."

அந்த ஐஸ் ஒரு நாள் தாங்கியது. அதற்கு மறுநாள் டிப்போ பூட்டிக் கிடந்தது. கிள்ளைப் பக்கம் போய்ப் பார்த்தார்கள், அங்கே ஐஸ் ஃபேக்டரியின் கூரையே இல்லை. யுனிவர்சிட்டியில் லேப் கட்டடத்துக்கு மட்டும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. டிபார்ட்மெண்ட் ஃப்ரிட்ஜில் இப்போதும் சீனியர்களின் சாமான்தான். அங்கே ஃப்ரீசர் இருந்திருந்தால் ஒரு மீனும் கெட்டிருக்காது. இசைவாணி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது வண்டி மெதுவானது. பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு எங்காவது இறங்கிப்போய்விடலாம் என்று இருந்தது.

கதவிடுக்கிலிருந்து தண்ணீர் வடிய ஆரம்பித்தது. பிறகு வாடை. சமையற்கட்டில் நிற்க முடியவில்லை. கடைசியில் இசைவாணியே திறந்தாள். கவர்கள் உப்பிக்கொண்டு, சீட்டுகளின் மை கரைந்து, எது எந்த மாதம் என்றே தெரியவில்லை. சிங்காரம் விழுந்த பலாமரத்தின் வேர்க்குழியை மண்வெட்டியால் இன்னும் ஆழமாக வெட்டினார். செந்தமிழ்செல்வன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கவர்களைக் கொண்டுபோய்க் கொட்டினான். இசைவாணி பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. மண்ணைத் தள்ளி மூடியபிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

சிங்காரம் மண்வெட்டியை வைத்துவிட்டு, சேற்றுக் கையோடு அவள் பக்கத்தில் குந்தினார். "அழுவாதம்மா. ஆறு எங்க போயிடப் போவுது? ராபர்ட்டு எங்க போயிடப் போறாரு? அடுத்த மழைக்கு நானே வரேன், வல புடிக்கிறேன்." பிறகு எழுந்துபோய், அந்த வீட்டில் ஒரு நாளும் அடுப்பைத் தொடாத மனிதர், விறகு மூட்டி அவளுக்கு டீ போட்டார்.

பின்வாசலில் நின்று தமிழ்ச்செல்வி அதைப் பார்த்தாள். செய்தது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. அதற்கிடையிலும், அந்த டீயைப் பார்த்து அவளுக்குப் பொறாமை வந்தது. தன் மாமியார் போன அன்றுகூட இந்த வீட்டுக்கு அவள்தான் டீ போட்டாள். அவளுக்குத் தொலைத்தாலும் மரியாதை, ஜெயித்தாலும் மரியாதை. நடுவில் நிற்கிறவள் பாத்திரம் தேய்க்க வேண்டும். இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கம் வந்தால் பொறாமை போய்விடும் என்றில்லை.

யுனிவர்சிட்டி திறந்தது. பொங்கல் முடிந்தும் கீரப்பாளையத்தில் கரண்ட் வரவில்லை. ஒரு சாயந்திரம் கிணற்றடியில் தமிழ்ச்செல்வி துணி அலசிக்கொண்டிருந்தபோது இசைவாணி வந்து, வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள்.

"அக்கா, இன்னிக்கு பாட்டனி மலர்க்கொடி மேடத்தப் பாத்தேன். அவுங்களும் ஃப்ரீசர்தான் வாங்கனாங்களாம், போன வருஷம்."

"ம்."

"கொறையெல்லாம் நீங்க ஒரே ஃபோன்ல சொல்லிட்டீங்களாம். ஒரே வாரத்துல ஃபைல் முடிஞ்சிதாம். எல்லாருக்குமே அப்பிடித்தான் செய்வாங்க, ஒனக்கு மட்டும் ஏன்னு கேட்டாங்க."

தமிழ்ச்செல்வி அலசிய துணியையே மறுபடி அலசினாள்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. வேல ஜாஸ்தியா இருந்துருக்கும்னு சொல்லிட்டேன்."

"வாணி..."

"எனக்கு மொதல்ல கோவமா இருந்துச்சி. பஸ்ல வரும்போது எல்லாத்தையும் கேட்டுடணும்னுதான் வந்தேன். அப்பறம் என்னாத்தக் கேக்கறது? நான் செக்‌ஷனுக்கு வராம இருந்தது தப்புதான். அத அன்னிக்கே நீங்க திட்டிருக்கலாம்." வாளியை மேட்டில் வைத்தாள். "வீட்ல யாருக்கும் தெரியாது. அவருகிட்டகூட சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீங்க கவலப்படாதீங்க."

அவ்வளவுதான். போய்விட்டாள்.

திட்டியிருந்தால் தமிழ்ச்செல்வி பதிலுக்குத் திட்டியிருப்பாள். அழுதிருந்தால் சேர்ந்து அழுதிருப்பாள். இப்படிப் பெரிய மனுஷியாக மன்னித்துவிட்டுப் போனதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை. படிப்பில் அவள் பெரியவள், சரி. வேலையில் பெரியவள், சரி. இனி காலம் முழுக்க இதிலும் அவளே பெரியவள், தான் அவள் பிச்சையில் மானத்தோடு இருப்பவள். சாம்பாருக்கு உப்புப் போடும்போதும், மாமனாருக்குச் சோறு போடும்போதும், அவள் சொல்லாமல் இருப்பது கூடவே இருக்கும். அதைவிடத் தானே சொல்லித் தொலைத்துவிடலாம். செய்த தப்புக்கு வருந்தி எடுத்த முடிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தப் பெருமையும் இசைவாணிக்குப் போகக் கூடாது என்று எடுத்த முடிவு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். காராமணி போட்டு கத்திரிக்காய்க் குழம்பு, ரசம், அப்பளம். மீன் வாங்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. இசைவாணிதான் பரிமாறினாள். சிங்காரம், டீக்கடையில் நிவாரணம் பற்றிக் கேட்ட சங்கதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்ச்செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"மாமா, வாணி மீனு கெட்டதுக்கு நான்தான் காரணம்."

சிங்காரம் பேச்சை நிறுத்தினார். "நீ என்னாம்மா பண்ண? புயலு பண்ணதுக்கு."

"ஃப்ரீசர் வாங்கற ஃபைல நான்தான் நிறுத்தி வெச்சேன். ஆகஸ்ட்லேருந்து. கோட்டேஷன்ல தேதியில்லன்னு திருப்பி அனுப்புனேன். அப்பறம் கையெழுத்து இல்லன்னு. அப்பறம் வாரண்டி இல்லன்னு. ஒரே வாரத்துல முடிஞ்சிருக்க வேண்டிய வேல."

"தேதி இருந்துச்சா, இல்லியா?"

"இல்ல."

"கையெழுத்து?"

"அதுவும் இல்ல மாமா. ஆனா நான் எல்லாத்தையும் ஒரே வாட்டியில சொல்லிருக்கணும்..."

"இரு இரு." சிங்காரம் கையைத் தூக்கினார். "தேதியில்லாம எப்பிடிம்மா வாங்கிக்க முடியும்? ஸ்டேஜ் தாண்டி டிக்கெட்டு இல்லாம ஒருத்தன் ஒக்காந்திருந்தான்னா, மச்சானா இருந்தாலும் நான் எறக்கித்தான் உட்டுருக்கேன். சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கனது இல்ல."

"நான் தெரிஞ்சே செஞ்சேன் மாமா."

"ஆபீஸ்ல தெரியாமயா செய்வாங்க?"

ஞானசேகரன் நிமிரவில்லை. செந்தமிழ்செல்வன் அண்ணியையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான், ஒன்றும் விளங்காமல். தமிழ்ச்செல்வி கடைசியாக இசைவாணியைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்பதுபோல.

இசைவாணி ரசக்கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் முகத்தில் ஒரு நொடி எதுவோ வந்தது. அவள் வாயைத் திறந்தால் இப்போது எல்லாம் முடிந்துவிடும்.

"மாமா சொல்றது சரிதான்க்கா," என்றாள். "ஃபைல்ல தப்பு இருந்துச்சி. நான் சரியா வெக்கல."

சிங்காரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. தட்டிலிருந்து கையை எடுத்து மகன்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாடா? சொந்த ஓரகத்தியாச்சே, ஒரே வூட்டு சோறாச்சேன்னு பாக்கல. ரூல்னா ரூலு. அத மறைக்காம வந்து சொல்லுது பாரு, அங்கதான் நிக்கிறா எங்க பெரிய மருமவ. இந்த மாதிரி ஒரு ஆபீசர எங்கடா பாக்க முடியும்? நாளைக்கு டீக்கடையில இத சொல்லாம உட மாட்டேன்."

"வேணாம் மாமா," என்றாள் தமிழ்ச்செல்வி.

"நீ சும்மா இரும்மா. உனக்கு உன் பெருமை தெரியாது."

இத்தனை நாளாக அவள் அவர் வாயிலிருந்து எதிர்பார்த்த வார்த்தை. தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். இசைவாணி அவள் பக்கத்தில் வந்து குனிந்து ரசம் ஊற்றினாள். போதும் என்று தமிழ்ச்செல்வி கையைக் குறுக்கே நீட்டினாள்.

"நல்லா சாப்புடுங்கக்கா," என்று இசைவாணி அந்தக் கையை மெதுவாக விலக்கி, இன்னொரு கரண்டி ஊற்றினாள்.